கட்டிப்பிடிக்கும் மஞ்சள் முகம்: யாருக்கு அனுப்பலாம், யாருக்கு வேண்டாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போனில் உள்ள சின்னப் படங்களில் எங்கள் ஆட்களை அதிகம் குழப்புவது இந்த 🤗 முகம்தான். சிரித்த முகம், முன்னால் விரித்த இரண்டு கை. வட்ஸ்அப்பில் அது வந்து விழுந்ததும் "இவர் ஏன் எனக்கு இதை அனுப்பினார்?" என்று ஒருவர் இரவு முழுக்க யோசிக்கிறார். அனுப்பியவரோ பத்துப் பேருக்கு ஒரேயடியாகத் தட்டிவிட்டு நித்திரைக்குப் போயிருப்பார். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, கல்முனை என்று கிழக்கிலங்கையின் பல இடங்களில் போனை நீட்டி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. பாதிக் கேள்விகள் போனைப் பற்றியவை. மீதிப் பாதி போனைப் பற்றியவை போலத் தெரிந்தாலும் சொந்தக்காரரைப் பற்றியவை.

இந்த 🤗 படத்துக்கு என்னதான் அர்த்தம்?

கட்டிப்பிடிப்பதுதான். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரும் அதையே சொல்கிறது. எழுத்துக்கும் இமோஜிக்கும் உலகப் பொது இலக்கம் கொடுக்கும் யுனிகோட் பட்டியலின் 8.0 பதிப்பில் 2015ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஐபோனுக்கும், பிறகு மற்றப் போன்களுக்கும் வந்தது.

ஆனால் நடப்பில் ஆட்கள் அதை வைத்துச் சொல்வது பல விஷயம். "நன்றி", "நல்லா இரு", "எனக்குச் சந்தோஷம்", "கவலைப்படாதே நான் இருக்கிறேன்", "வீட்டுக்கு வா". சில பேருக்கு அது மெசேஜை முடிக்க வைக்கும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். எழுதியதன் கடைசியில் ஒரு முகம் இல்லாவிட்டால் கோபமாக எழுதினதுபோலத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் போடுகிறார்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. "சரி" என்று மட்டும் வந்த மெசேஜால் எத்தனை வீட்டில் சண்டை வந்திருக்கும்!

கையைப் பார்த்தால் "போதும், நிறுத்து" என்று தடுப்பது போலல்லவா இருக்கிறது?

அப்படி நினைப்பவர் நீங்கள் மட்டும் இல்லை. பல போன்களில் அந்த உள்ளங்கைகள் பார்ப்பவரை நோக்கித்தான் இருக்கின்றன. மேடையில் ஆடுகிறவர்கள் பாட்டு முடியும்போது இரண்டு கையையும் விரித்து ஆட்டுவார்களே, அதுபோல என்று வெளிநாடுகளில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். "பார், முடித்துவிட்டேன்!" என்ற குதூகலத்துக்கும் அங்கே இதைப் போடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. யுனிகோட் அமைப்பு கொடுப்பது ஒரு இலக்கமும் பெயரும்தான். படத்தைக் கீறுவது ஆப்பிள், கூகுள், சாம்சங் என்று ஒவ்வொரு கம்பனியும் தன்பாட்டில். வட்ஸ்அப்பும் அன்ட்ரொய்ட் போன்களில் தானே கீறிய படங்களைக் காட்டுகிறது. ஐபோனில் திறந்தால் ஆப்பிளின் படம் வரும். ஆகவே வாழைச்சேனையில் நீங்கள் அனுப்பிய கையும் லண்டனில் உங்கள் தம்பி பார்க்கும் கையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று இல்லை. சிரிப்பு கூடலாம், குறையலாம், கை மேலே போகலாம். பெரிய வித்தியாசம் வராது. ஆனாலும் ஒரு முகத்தின் சாடையை வைத்து ஆளை எடை போடுவதற்கு முன் இதை ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

இரண்டு பேர் கட்டிப்பிடித்து நிற்கும் நீல உருவம் 🫂 வேறா?

வேறு. அது 2020இல் யுனிகோட் 13.0 உடன் வந்தது. முகமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆணா பெண்ணா, கிழவரா பிள்ளையா என்றும் தெரியாது. ஒருவரின் தோளில் மற்றவர் சாய்ந்திருக்கும் வெறும் உருவங்கள். துக்கம், ஆறுதல், தேற்றுதல் எல்லாவற்றுக்கும் மஞ்சள் முகத்தைவிட இது எவ்வளவோ பொருத்தம்.

இது வந்த காலத்தையும் கவனியுங்கள். 2020 மார்ச்சில் இங்கே ஊரடங்கு போட்டார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்கவே பயந்தோம். அந்த மாதம்தான் இந்தப் பதிப்பும் வெளியானது. திட்டமிட்டுச் செய்ததல்ல, இப்படிப்பட்ட படங்களைத் தெரிவு செய்யும் வேலை ஒன்றிரண்டு வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிடும். போன்களுக்கு வந்து சேர அந்த வருஷக் கடைசி ஆகிவிட்டது.

எங்கள் பக்கம் இதைப் பார்த்துச் சில பெரியவர்கள் "இதென்ன, ரெண்டு பேய் நிக்குது" என்கிறார்கள். இளம் ஆட்களில் சிலருக்கு இது காதலர் படமாகத் தெரிகிறது. இரண்டுமே நீல நிறத்தால் வந்த வினை.

நான் 🫂 அனுப்பினேன், அம்மாவின் போனில் ஒரு பெட்டிதான் தெரிகிறதாம்.

பழைய போன். 2020க்குப் பிறகு அப்டேட் வராத போனில் அந்த இலக்கத்துக்குப் படம் இருக்காது. வெறும் சதுரம் வரும். வட்ஸ்அப்பைப் புதுப்பித்துப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். சாதாரண எஸ்எம்எஸ் என்றால் போனைத்தான் புதுப்பிக்க வேண்டும். அதுவரைக்கும் அம்மாவுக்கு எழுத்திலேயே எழுதிவிடுங்கள்.

செத்த வீட்டுச் செய்தி வந்தால் 🤗 போடலாமா?

போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

அனுப்புகிறவரின் மனம் எனக்கு விளங்குகிறது. குரூப்பில் "அப்பா காலமாகிவிட்டார்" என்று வந்திருக்கிறது. நீங்கள் டோஹாவிலோ டொரொன்டோவிலோ இருக்கிறீர்கள். கிட்ட இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? படலையைத் தாண்டும்போதே கையை விரித்துக்கொண்டு போய், வந்து நிற்கிறவளைக் கட்டிப்பிடித்துக் குழறியிருப்பீர்கள். எங்கள் பெண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஒருத்தி வர ஒருத்தி எழும்பிப் போய், தோளில் தலையை வைத்து, செத்தவரைப் பெயர் சொல்லி, முறை சொல்லி அழுவார்கள். கலியாண வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. கைகூப்புவோம், குரவை போடுவோம், பிள்ளைகளைக் கொஞ்சுவோம். தமிழ் ஆட்களில் வளர்ந்தவர்கள் ஊர் பார்க்கக் கட்டிப்பிடிப்பது செத்த வீட்டிலும் விமான நிலையத்திலும்தான். ஆக, அந்தச் செய்தியைப் பார்த்ததும் உங்கள் விரல் கட்டிப்பிடிக்கும் படத்தைத் தேடுவதில் ஒரு பிழையும் இல்லை.

பிழை படத்தில் இருக்கிறது. அந்த முகம் சிரிக்கிறது. கன்னம் சிவக்கச் சிரிக்கிறது. பிணம் வீட்டில் கிடக்க, வெள்ளைக் கொடி கட்டப் பொடியன்மார் றோட்டுக்கு இறங்கியிருக்க, மூத்த மகளின் போனில் ஒரு சிரித்த முகம் வந்து விழுந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? சின்ன எழுத்துக்குப் பக்கத்தில் கை தெரியாது, சிரிப்புத்தான் தெரியும். அதிலும் கண்ணாடி போடாமல் போனைப் பார்க்கிற மாமிமார் "இவன் என்ன, சிரிக்கிறானா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி முப்பத்தோராம் நாள் வரைக்கும் ஓடும்.

அப்போ என்ன அனுப்புவது? முடிந்தால் கோல் எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் ஒரு வொய்ஸ். அழுகை வந்தால் அழுதுகொண்டே பேசுங்கள், அதில் வெட்கம் இல்லை. எழுதுவது என்றால் செத்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எழுதுங்கள்: "மாமா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாமாங்கத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது." அந்த ஒரு வரியைப் பிள்ளைகள் பத்திரமாக வைத்திருப்பார்கள். "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்ற படத்தை யாரும் வைத்திருப்பதில்லை. எழுதிய பிறகு 🙏 அல்லது 🫂 வைத்தால் பாதகமில்லை.

முஸ்லிம் வீடுகளில் "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று எழுதுவார்கள்; அதற்குப் பக்கத்தில் எந்த முகமும் தேவையில்லை. நீங்கள் தமிழ் ஆளாக இருந்து முஸ்லிம் நண்பருக்கு எழுதுவதானால், "உம்மாவின் செய்தி கேட்டேன், மனசு சரியில்லை, நாளைக்கு வருகிறேன்" என்பது போதும். வருகிறேன் என்று எழுதினால் போகவும் வேண்டும்.

டிசம்பர் 26 அன்று சுனாமி நினைவுப் படம் போடுகிறவர்களுக்கு?

அதே சட்டம்தான். நாவலடி, கல்லாறு, மருதமுனை, சாய்ந்தமருது என்று கடலோரம் முழுக்க அந்த நாளில் ஆட்கள் 2004இல் போன பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். 🫂 வைக்கலாம். மஞ்சள் முகம் வேண்டாம். வருஷம் கடந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு வருஷக் கணக்கு வேறு.

என்ட மச்சாள் எனக்கு 🤗 அனுப்பியிருக்கிறாள். விருப்பமோ?

தம்பி, கேள்வியிலேயே பதிலை எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்.

மாமா மகளா, மாமி மகளா, முறை மச்சாளா? அவள் உங்களைக் கேலி பண்ணுவதற்கு எங்கள் ஊரில் பரம்பரை உரிமை இருக்கிறது. சின்ன வயதில் தண்ணீர் ஊற்றினாள், இப்போது இமோஜி போடுகிறாள். அவள் வேறு யாருக்கெல்லாம் அதை அனுப்புகிறாள் என்று பாருங்கள். குடும்பக் குரூப்பில் பெரியப்பாவின் பிறந்தநாளுக்கும் அதே முகம், அக்காவின் பிள்ளைக்குப் பல் முளைத்ததற்கும் அதே முகம் என்றால், அது அவளுடைய பழக்கம். உங்களுக்கு மட்டும், இரவு பதினொன்றுக்கு, வேறு பேச்சே இல்லாமல் வருகிறது என்றால் நேரே கேட்டுவிடுங்கள். இமோஜியை வைத்து முகூர்த்தம் பார்க்க முடியாது.

குரூப்பில் நீங்கள் பதிலுக்கு அதே முகத்தைப் போடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். அக்கா தங்கச்சிமார் அடுத்தடுத்த வீட்டில் இருப்பார்கள். உங்கள் ஒரு மஞ்சள் முகத்தை அந்த வளவில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். "என்ன கா, எப்ப கலியாணம்?" என்று முதல் வொய்ஸ் வர ஐந்து நிமிஷம் பிடிக்காது.

நண்பர்கள் ஒருவருக்கொருவர்?

பொடியன்மார் "மச்சான் 🤗" என்று எழுதுவது சர்வசாதாரணம். பெண் பிள்ளைகளுக்குள்ளும் அப்படியே. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

மருமகன் மாமிக்கு அனுப்பலாமா?

கலியாணம் முடித்து மாமி வீட்டுக்கு வந்து இருக்கிற மருமகன், மாமியின் முன்னால் கதிரையில் உட்காரக் கூச்சப்பட்ட காலம் இருந்தது. இன்றைக்கும் பல வீட்டில் "சாப்பாடு வைக்கட்டாம்" என்று மனைவி வழியாகத்தான் செய்தி போகும். அந்த மாமிக்கு நீங்கள் கட்டிப்பிடிக்கும் முகம் அனுப்பினால் அவ போனை மகளிடம் கொடுத்து, "இவருக்குச் சுகமில்லையா?" என்று கேட்பா. 🙏 போதும்.

மாமியே முதலில் உங்களுக்கு அனுப்பினால் கதை வேறு. அப்படிப்பட்ட மாமிமாரும் இருக்கிறார்கள். அனுபவியுங்கள்.

டீச்சருக்கு, சேருக்கு, ஒஃபிஸ் மனேஜருக்கு?

வேண்டாம். "நன்றி சேர்" என்று எழுதினால் அவருக்கு விளங்கும். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு பழைய டீச்சருக்கு அனுப்பினால் அவ சந்தோஷப்படுவா, அது பரவாயில்லை. ரியூசன் சேர் மாணவிக்கு அனுப்புவது எந்த விதத்திலும் சரியில்லை. அதற்கு விளக்கம் கேட்காதீர்கள்.

ஒஃபிஸ் குரூப் இன்னும் சிக்கல். அம்பாறையில் ஒரு கந்தோர் குரூப் என்றால் அதில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் இருப்பார்கள். ஒருவருக்குச் சாதாரணமாகத் தெரிவது மற்றவருக்கு அளவு மீறினதாகத் தெரியலாம். யாருக்காவது பதவி உயர்வு கிடைத்தால் 👏 போடுங்கள்.

இமோஜி விளையாட்டுப் பொருள்தானே என்று நினைத்தால் ஒரு கதை சொல்கிறேன். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஆளி விதை வாங்கும் கம்பனி ஒன்று ஒப்பந்தத்தைப் படம் பிடித்து ஒரு விவசாயிக்கு அனுப்பியது. அவர் பதிலுக்கு ஒரு 👍 போட்டார். விதை போகவில்லை. வழக்கு வந்தது. "கண்டேன் என்ற அர்த்தத்தில்தான் போட்டேன்" என்றார் விவசாயி. அவர்களுக்குள் முன்பும் இப்படிச் சுருக்கமான பதில்களில்தான் வியாபாரம் நடந்திருக்கிறது என்பதைப் பார்த்த நீதிமன்றம், அந்தக் கட்டைவிரல் சம்மதம்தான் என்று 2023இல் தீர்த்தது. 82,000 கனேடிய டொலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தது. நெல் வியாபாரிகள் கவனிக்க.

பெருநாளைக்கு அனுப்பலாமா?

இதற்குப் பொருத்தமான நாள் வேறு இல்லை என்றுகூடச் சொல்வேன். பெருநாள் தொழுகை முடிந்ததும் பள்ளி வாசலிலும் திடலிலும் ஆண்கள் ஒருவரை ஒருவர் தழுவி முஆனகா செய்கிறார்கள். சண்டை பிடித்துக்கொண்டு இருந்த நானாவும் தம்பியும் அன்றைக்குக் கட்டிப்பிடித்துப் பழையபடி கதைக்கத் தொடங்குவதைக் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் பார்க்கலாம். மஞ்சள் முகம் சிரித்தபடி கையை விரிக்கிறது. அந்த நாளும் அதுதான். சவூதியில் இருந்து "ஈத் முபாரக் 🤗" என்று வந்தால் அதில் ஒரு குறையும் இல்லை.

அந்நிய ஆண் பெண்ணுக்கோ, பெண் ஆணுக்கோ அனுப்புவதைப் பல குடும்பங்கள் விரும்ப மாட்டார்கள். வாழ்த்தை மட்டும் எழுதுங்கள்.

சித்திரை வருஷத்துக்கும் பொங்கலுக்கும் எங்கள் ஆட்கள் 🙏 போடுகிறார்கள், அது பழக்கத்தோடு ஒட்டிப் போகிறது. பெரியவரிடம் கைவிசேஷம் வாங்கப் போகிறவன் அவரைக் கட்டிப்பிடிப்பதில்லை, காலில்தான் விழுவான். நத்தாருக்கு அவரவர் விருப்பம்.

நான் கட்டாரில் வேலை செய்கிறேன். ஊரில் இருக்கிற என் பிள்ளைக்குத் தினமும் 🤗 அனுப்புகிறேன். அவனுக்கு விளங்குமா?

எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை. நாலைந்து வயது என்றால் எழுத்தைவிட அவனுக்கு இதுதான் விளங்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் அம்மம்மாவின் போனைப் பிடுங்கி வரிசையாக முப்பது நாற்பது முகம் தட்டி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பேய், பாம்பு, பப்பாசி, கொடி எல்லாம் கலந்து வரும். அதற்குள் ஒரு 🤗 வந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு யோசனை. படத்தை மட்டும் அனுப்பாமல் அதற்கு ஒரு நேரம் வையுங்கள். பிள்ளை நித்திரைக்குப் போகும் நேரம், அங்கே உங்களுக்கு வேலை முடிந்திருக்குமோ இல்லையோ, ஒரு முகம் வரவேண்டும். கட்டார் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே ஆறு மணி. அம்மம்மாவிடம் சொல்லி வையுங்கள்: முகம் வந்ததும் அவ பிள்ளையை உண்மையாகவே ஒரு முறை கட்டிப்பிடிக்க வேண்டும். "இது அம்மா தந்தது" என்று சொல்லிப் பிடிக்க வேண்டும். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. படம் வராத நாளில் அந்தப் பிள்ளை போனைப் பார்த்து, "என்ட அணைப்பு எங்க?" என்று சண்டைக்கு நிற்கிறானாம்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயது என்றால் அவன் பதிலுக்கு 👍 மட்டும் போடுவான். மனம் நோகாதீர்கள். கிட்ட இருந்தாலும் அந்த வயதில் கட்டிப்பிடிக்க விடமாட்டான். நீங்கள் நிறுத்த வேண்டாம்.

ஒன்று போதுமா, ஐந்தாறு போட வேண்டுமா?

ஒன்று. கூடப் போடுவதால் அன்பு கூடுவதில்லை, சத்தம்தான் கூடும். இதைச் சும்மா சொல்லவில்லை: கண் தெரியாதவர்கள் போனைக் குரல் வழியாகத்தான் பாவிக்கிறார்கள். ஒவ்வொரு இமோஜியின் பெயரையும் போன் சத்தமாக வாசிக்கும். ஐந்தாறு முகத்தை வரிசையாகப் போட்டால் அதே பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். வசனத்துக்கு நடுவில் செருகினால் இன்னும் எரிச்சல். கடைசியில் ஒன்று வையுங்கள்.

ஒரு மெசேஜை அழுத்திப் பிடித்தால் வரும் வரிசையில் இது இல்லையே?

வட்ஸ்அப்பில் 2022இல் அந்த வசதி வந்தபோது ஆறு படங்கள்தான் இருந்தன: 👍 ❤️ 😂 😮 😢 🙏. அதே வருஷம் வேறு எந்தப் படத்தையும் போடலாம் என்று ஆக்கினார்கள். வரிசையின் கடைசியில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டால் முழுப் பட்டியலும் திறக்கும். மஞ்சள் முகம் முகங்களின் கூட்டத்தில் முன்பக்கமே இருக்கும்; நீல உருவம் மனிதர்களின் கூட்டத்தில் கடைசிப் பக்கம் ஒளிந்திருக்கும்.

பேஸ்புக்கில் ஓர் இதயத்தை நெஞ்சோடு அணைத்திருக்கும் முகம் ஒன்று இருக்கிறது. அது யுனிகோட் தந்ததல்ல. 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில் பேஸ்புக் தானே சேர்த்தது. மரண அறிவித்தலுக்கு விருப்பக்குறி போடுவதா என்று தயங்கியவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் அதுவும் சிரித்த முகம்தான். நான் அழும் முகத்தைத்தான் போடுவேன்.

தெரியாத நம்பரில் இருந்து "ஹாய் டியர் 🤗" என்று வருகிறது.

பதில் போடாதீர்கள், தடுத்துவிடுங்கள். "யார் நீங்கள்?" என்று கேட்பதும் பதில்தான், இந்த நம்பரில் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பார்சல் வந்திருக்கிறது, சுங்கத்தில் காசு கட்டு என்ற கதைகள் பலதும் இப்படி அன்பாகத்தான் தொடங்குகின்றன.

தெரிந்த ஆளே வேண்டாம் என்று சொன்ன பிறகும் அனுப்பிக்கொண்டிருந்தால் அது விளையாட்டில்லை. முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், திகதியும் நம்பரும் தெரியும்படி. பிறகு தடுங்கள். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. சிறுபிள்ளைக்கு வந்திருந்தால் 1929. "ஒரு பொம்மைப் படம்தானே அனுப்பினான்" என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்த ஆளிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

என் மகன் ஏதோ கட்டிப்பிடிக்கும் முகம் என்ற கம்பனியில் இருந்து பாடம் படிக்கிறேன் என்கிறான். ஏமாற்றுகிறானா?

இல்லை அம்மா, உண்மை. ஹக்கிங் ஃபேஸ் என்று ஒரு கம்பனி இருக்கிறது. பிரான்ஸ் நாட்டுக்காரர் மூன்று பேர் 2016இல் நியூயோர்க்கில் தொடங்கியது. இந்த இமோஜியின் பெயரையே கம்பனிக்கு வைத்தார்கள், சின்னமும் இதே மஞ்சள் முகம்தான். முதலில் இளம் பிள்ளைகள் அரட்டை அடிக்க ஒரு செயலி செய்தார்கள். அது பெரிதாக ஓடவில்லை. பிறகு செயற்கை நுண்ணறிவு மாதிரிகளையும் தரவுகளையும் எல்லாரும் போட்டு எடுக்கக்கூடிய இடமாக மாறிவிட்டது. தமிழுக்கான மாதிரிகளும் அங்கே கிடைக்கின்றன. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கிற பிள்ளை என்றால் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருக்க மாட்டான். ஆனால் இரவு இரண்டு மணி வரைக்கும் அதைத்தான் பார்க்கிறானா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

தவறுதலாக வேறு குரூப்புக்கு 🤗 போய்விட்டது. என்ன செய்ய?

மெசேஜை அழுத்திப் பிடித்து, எல்லாருக்கும் நீக்கும்படி தெரிவு செய்யுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பி இரண்டு நாளும் பன்னிரண்டு மணித்தியாலமும் வரைக்கும் அப்படி நீக்கலாம். "எனக்கு மட்டும் நீக்கு" என்பதைத் தொட்டுவிடாதீர்கள்: உங்கள் போனில் இருந்து போய்விடும், மற்ற எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால், சில விநாடிக்கு கீழே மீட்டெடுக்கும் பொத்தான் தெரியும். பதறாமல் அதைத் தொட்டுவிட்டு மறுபடியும் சரியாக நீக்குங்கள்.

நீக்கினாலும் அந்த இடத்தில் ஒரு செய்தி நீக்கப்பட்டது என்ற வரி நிற்கும். செத்த வீட்டுக் குரூப்பில் அந்த வரி பரவாயில்லை. கோயில் நிர்வாகக் குரூப்பிலோ பள்ளிக்கூடப் பெற்றார் குரூப்பிலோ என்றால், நீக்காமல் விடுவதே நல்லது. ஒரு சிரித்த முகத்தை ஆட்கள் பார்த்துவிட்டுக் கடந்து போவார்கள். நீக்கிய மெசேஜில் என்ன இருந்தது என்று ஒரு கிழமைக்குக் கேட்பார்கள்.